காட்டுக்குப் போகும்போது கேமரா பையில் எதை வைப்பது, எதை விடுவது

கேள்வி சுருக்கமாக இது: நண்பர் ஒருவர் முதல்முறையாக ஒரு வாரம் காட்டுயிர்ப் படம் எடுக்கப் போகிறார். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் உள்ள) மிரர்லெஸ் கேமரா, கூடவே வந்த 18-55, 55-250 மி.மீ. என்று இரண்டு லென்ஸ். இந்த எண் பெரிதாக ஆகத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 600 மி.மீ. இல்லாமல் போவதில் பிரயோஜனம் உண்டா, வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா, ட்ரைபாட் வேண்டுமா, விமானத்தில் இதையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறார்.

600 வேண்டுமா என்பதற்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்ல முடியாது. போகிற இடத்தில் உங்களுக்கும் மிருகத்துக்கும் நடுவில் எத்தனை மீட்டர் இருக்கும் என்பதுதான் லென்ஸைத் தீர்மானிக்கிறது. பல இடங்களில் அந்தத் தூரம் உங்கள் கையிலும் இல்லை, அங்குள்ள விதியின் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. காட்டெருமை, எல்க் போன்ற மற்றவற்றுக்கு 23 மீட்டர். ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கப் போகிறவர்கள் முன்பு 7 மீட்டர் தள்ளி நின்றார்கள். கோவிட்டுக்குப் பிறகு அது 10 மீட்டர். அண்டார்டிகாவில் பெங்குவினுக்கு 5 மீட்டர். இந்த மூன்று இடத்துக்கும் ஒரே லென்ஸைச் சிபாரிசு செய்கிறவர் உங்கள் பயணத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

கணக்கு எளிது. சென்சாரின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் (அதன் மேல் போட்டிருக்கும் மி.மீ. எண்) வகுத்து, மிருகம் இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். ஃபிரேமுக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது வந்துவிடும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரின் அகலம் 36 மி.மீ. உங்கள் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 24 என்று வைத்துக்கொள்ளலாம்; கேனானில் 22 சொச்சம்தான். 91 மீட்டரில் நிற்கும் கரடியை ஃபுல் ஃபிரேமில் 600 வைத்து எடுத்தால் ஃபிரேமின் அகலம் ஐந்தரை மீட்டர். கரடி 2 மீட்டர் நீளம் என்றால் படத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். உங்கள் கேமராவில் 400 போட்டாலும் அதே ஐந்தரை மீட்டர்தான் வரும். ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்குக் கிடைத்த லாபமாகவே எடுத்துக்கொள்ளலாம். கொரில்லாவுக்கு வாருங்கள். 10 மீட்டரில் ஃபுல் ஃபிரேமும் 200 மி.மீ. லென்ஸும் 1.8 மீட்டர் அகலத்தைக் காட்டும், உட்கார்ந்திருக்கும் மிருகம் முழுதாக அடங்கும். அங்கே 600-ஐ நீட்டினால் முகத்தைத் தவிர எதுவும் கிடைக்காது.

பறவைதான் இந்தக் கணக்கைக் கெடுக்கும். 15 செ.மீ. நீளமுள்ள ஒரு சிறு பறவை 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் 250-ல் ஃபிரேம் 96 செ.மீ. அகலம், பறவை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 6,000 பிக்சல் அகலமுள்ள கோப்பில் பறவைக்குக் கிடைப்பது சுமார் 940. திரையில் பார்க்கப் போதும், பெரிதாக அச்சடிக்கப் போதாது. 400 போட்டால் 1,500, 600 போட்டால் 2,250. ஆகவே பறவைக்காகப் போகிறீர்கள் என்றால் 400-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். மான், யானை, காட்டெருது என்று பெரிய உடம்புகளை ஜீப்பிலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் 55-250 பலர் நினைப்பதைவிட நிறையச் செய்யும். 30 மீட்டரில் அது 2.9 மீட்டர் அகலம் காட்டுகிறது. ஒன்றரை மீட்டர் நீளமான மான் பாதி ஃபிரேமை நிரப்பும். சுற்றியுள்ள காடும் படத்தில் வரும். எனக்கு அந்த மாதிரிப் படங்கள்தான் அதிகம் பிடிக்கும், அது வேறு விஷயம்.

தூரத்துக்கு அடுத்து வெளிச்சம். மிருகங்கள் நடமாடுவது விடிந்ததும், பொழுது சாயும்போதும். நடுப்பகலில் அவை நிழலில் படுத்திருக்கும். அதாவது நல்ல தருணமெல்லாம் வெளிச்சம் குறைந்த நேரத்தில்தான் வரும். எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துவாரம், அதாவது அப்பர்ச்சர், பெரிது, வெளிச்சம் அதிகம் வரும்; ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் உணர்திறன், அது ஏற ஏறப் படம் சொரசொரப்பாகும். எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ 3,200 போதுமாக இருக்கும் ஒரு மாலையில், எஃப் 6.3 லென்ஸுக்கு அதே ஷட்டர் வேகத்தில் 16,000 வேண்டும், ஐந்து மடங்கு. லென்ஸிலும் பாடியிலும் (லென்ஸ் நீங்கலான கேமரா) இருக்கும் அதிர்வுத் தடுப்பு இதை ஈடுகட்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது உங்கள் கை ஆடுவதைத்தான் தடுக்கும், மான் தலையைத் திருப்புவதைத் தடுக்காது. நின்று மேயும் மிருகத்துக்கே ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்துக்கொள்வது நல்லது. ஓடினால் 1/1,000-க்கு மேல், பறக்கும் பறவைக்கு 1/2,000 முதல் 1/3,200 வரை. அடர்ந்த மழைக்காட்டுக்குப் போகிறவர் நீளத்தை விட்டுக்கொடுத்து அப்பர்ச்சரை வாங்க வேண்டும். 70-200 எஃப் 2.8 அங்கே ராஜா. திறந்த புல்வெளி, ஏரிக்கரை, பனிப்பிரதேசம் என்றால் எஃப் 6.3 தாராளம்.

இனி லென்ஸ்கள். 2013 கடைசியில் டாம்ரான் தன் 150-600-ஐ அறிவித்ததிலிருந்து இந்தத் துறையே மாறிவிட்டது. அதற்கு முன் 600 என்றால் பெரும்பாலும் எஃப் 4 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்)தான் என்கிற நிலை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், தூக்கவே தனி ஆள் வேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு நீள ஜூம் இருக்கிறது. சோனி 200-600 சுமார் 2.1 கிலோ, நிக்கான் 180-600 காலரோடு (ட்ரைபாடில் மாட்ட லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம்) ஏறக்குறைய அதே எடை, கேனான் 200-800 இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.9 கிலோ. இவற்றுக்கு ஒரு படி கீழே 100-400 வகை: சோனியின் ஜிஎம் 1.4 கிலோ, கேனான் 100-500-உம் கிட்டத்தட்ட அதே, சிக்மா 100-400 இன்னும் குறைவு, 1.2 கிலோவுக்குள்.

அந்த 700 கிராம் வித்தியாசம் கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது தெரியாது. கிளையில் உட்கார்ந்திருக்கும் கழுகு எப்போது பறக்கும் என்று கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பத்து நிமிடம் நிற்கும்போது இடது முழங்கையில் தெரியும். கை சோர்ந்து லென்ஸைக் கீழே இறக்கும் அந்த நொடியில்தான் அது பறக்கும். இதை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நடந்து போய் எடுக்கும் பயணம் என்றால் உங்கள் ஏபிஎஸ்-சி பாடிக்கு 100-400 வகைதான் என் தேர்வு. ஃபுல் ஃபிரேமில் 150-600 தரும் காட்சி கிடைக்கும், கழுத்தும் தோளும் தப்பிக்கும். ஜீப்பில் பீன்பேக் (தானியம் நிரப்பிய சிறு பை) மேல் வைத்து எடுக்கப் போகிறீர்கள் என்றால் எடை பெரிய விஷயமில்லை, 600 வரை போகும் ஜூமை எடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஜூம் செய்யும்போது நீளாத லென்ஸ்கள் உண்டு. சோனி 200-600-உம் நிக்கான் 180-600-உம் அப்படி. உள்ளேயே கண்ணாடிகள் நகர்வதால் எடையின் சமநிலை மாறாது, குழல் முன்னும் பின்னும் போய்வராததால் தூசியும் ஈரமும் உள்ளே இழுக்கப்படுவது குறைவு. ஆனால் பைக்குள் எப்போதும் முழு நீளத்துக்கு இடம் பிடிக்கும். குழல் நீளும் வகை பைக்குள் குட்டையாக அடங்கும், புழுதியில் கொஞ்சம் கவனம் கேட்கும். வாங்கும் முன் உங்கள் பையை அளந்துவிடுங்கள்.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி மி.மீ.-ஐக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் பற்றியும் கேட்பீர்கள். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதியைத் தின்னும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப். எஃப் 4 பிரைமுக்கு 1.4 போட்டால் எஃப் 5.6, நன்றாகவே இருக்கும். எஃப் 6.3 ஜூமுக்குப் போட்டால் எஃப் 9. அதிகாலையில் ஃபோகஸ் தடுமாறும், ஐஎஸ்ஓ ஏறும், நுணுக்கமும் குறையும். ஜூம் லென்ஸ்காரர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிறகு படத்தை வெட்டிக்கொள்ளலாம். தவிர, தூரத்து மிருகத்தை இழுத்துப் பிடிக்க எத்தனை மி.மீ. இருந்தாலும் வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல் படத்தைக் கலைத்துவிடும். 150 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மிருகம் காலை பத்து மணிக்கு மேல் கூர்மையாக வரவில்லை என்றால் லென்ஸைத் திட்டாதீர்கள், நடுவில் இருக்கும் காற்றின் வேலை அது.

வாங்குவதா, வாடகையா? வருஷத்துக்கு ஒரு பயணம் என்றால் வாடகை. மாதாமாதம் ஏரிக்கரைக்காவது போகிறவர் என்றால் வாங்கலாம், அதுவும் பழைய லென்ஸாக வாங்குவதில் தவறே இல்லை. வாடகை என்றால் புறப்படும் நாளன்று கையில் வாங்காதீர்கள், இரண்டு மூன்று நாள் முன்னதாக எடுங்கள். முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் டார்ச் அடித்து, கீறல், பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகளாகத் தெரியும். ஜூம் வளையத்தைக் கடைசி வரை திருப்புங்கள், நடுவில் எங்கேயாவது சிக்குகிறதா? காலரின் பாதத் திருகு இறுகுகிறதா? நூறு மீட்டர் தூரத்தில் ஒரு பெயர்ப்பலகை, பத்து மீட்டரில் ஒரு கிளை, இரண்டையும் முழு நீளத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்கியமாக, அந்த இரண்டு மூன்று நாளும் தெருவில் பறக்கும் காக்கையையும் ஓடும் நாயையும் எடுத்துப் பழகுங்கள். 600-இல் கண்ணை வைத்தால் முதலில் பறவை எங்கே என்றே தெரியாது. ஜூமைப் பின்னுக்கு இழுத்துப் பறவையைப் பிடித்து, அப்புறம் உள்ளே போவது விரலுக்குப் பழக வேண்டிய வேலை. அதைக் காட்டில் போய்ப் பழகக் கூடாது.

அடுத்து நான் சொல்லப்போவது பட்ஜெட்டைப் பார்த்துப் பலர் தவிர்ப்பது: இரண்டாவது பாடி. இரண்டு லென்ஸும் ஒரே பாடியும் வைத்திருப்பவர், யானை திடீரென்று ஜீப்புக்கு எட்டு மீட்டரில் வந்து நிற்கும்போது என்ன செய்வார்? லென்ஸைக் கழற்றி மாற்றுவதற்குள் யானை போய்விடும், புழுதி சென்சாருக்குள் வந்துவிடும். நீள லென்ஸ் ஒரு பாடியில், 55-250 இன்னொன்றில் என்று இரண்டையும் மாட்டியே வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒன்று பழுதானாலும் பயணம் வீணாகாது. புதிது தேவையில்லை, பழைய மாடலோ வாடகையோ போதும். ஆனால் அதே கம்பெனி, அதே மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வாய்), முடிந்தால் அதே பேட்டரி, அதே கார்டு. பட்டன் இருக்கும் இடமும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாக ஒரு நீள லென்ஸ் வாங்கும் பணத்தை இதில் போடுங்கள் என்பேன்.

ட்ரைபாட். மறைவிடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஒரு கூட்டையோ நீர்நிலையையோ பார்க்கப் போகிறவருக்கு ட்ரைபாடும், கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கி எளிதாகத் திருப்ப விடும் கிம்பல் ஹெட்டும் வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சுமைதான். ஜீப்பில் அதை விரிக்க இடமில்லை, படகில் விரித்தால் படகின் ஆட்டமெல்லாம் லென்ஸுக்கு வரும். வண்டியில் போகிறவருக்குப் பீன்பேக்கைவிட நல்லது எதுவும் இல்லை. காலியாக மடித்துக் கொண்டுபோங்கள், 200, 300 கிராம்தான். போன இடத்தில் தானியமோ பயறோ வாங்கி முக்கால்வாசி நிரப்புங்கள். முழுசாக நிரப்பினால் கல்லாகிவிடும், லென்ஸ் மேலே உருளும். முக்கால்வாசி நிரப்பினால் பை நடுவில் குழிந்து லென்ஸை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் விளிம்பில் பையைப் போட்டு, லென்ஸின் எடையை அதன்மேல் இறக்கி, டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பையும் பயனில்லை. நடக்கிறவருக்கு மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி), அதுவும் வேண்டுமா என்பது லென்ஸின் எடையைப் பொறுத்தது. ஒரு முக்கியமான விஷயம், தோள் பட்டையை லென்ஸ் காலரில் மாட்டுங்கள், பாடியில் வேண்டாம். இரண்டு கிலோ லென்ஸ் பாடியின் மவுன்டில் தொங்கக் கூடாது.

பேட்டரி விஷயத்தில் மிரர்லெஸ் கேமராக்கள் பசிக்காரர்கள். வியூஃபைண்டரும் ஃபோகஸும் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாடிக்கு மூன்று வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ப்பிரதேசம் என்றால் நான்கு. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், உதிரி பேட்டரிகளை உடம்பை ஒட்டிய உள் பாக்கெட்டில் வையுங்கள். தீர்ந்துபோனதாகக் காட்டும் பேட்டரியும் சற்றுச் சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும். காட்டு முகாம்களில் சாயங்காலம் சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும் என்பதும் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு பேட்டரி ஏறும் சார்ஜர், யுஎஸ்பி-சியில் ஓடுவதாகப் பார்த்து எடுத்தால் பவர் பேங்கிலிருந்தும் வண்டியிலிருந்தும் ஏற்றிக்கொள்ளலாம்.

விமானத்தில் லித்தியம் உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்னாற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 100-லிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதுவும் இரண்டு உதிரிதான். கேமரா பேட்டரி ஒன்று சுமார் 16 வாட்-அவர், அதனால் கவலையில்லை. பவர் பேங்கில்தான் பார்க்க வேண்டும்: 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-அவர், 27,000 என்றால் கிட்டத்தட்ட 100. அதற்கு மேல் வாங்காதீர்கள். பவர் பேங்க்குகளுக்கு விமான நிறுவனங்கள் தனியாகவும் கட்டுப்பாடு வைப்பதுண்டு, டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் ஒவ்வொரு பேட்டரிக்கும் அதன் மூடியைப் போடுங்கள். மூடி தொலைந்திருந்தால் முனையில் டேப் ஒட்டினால் போதும்.

கார்டுக்குக் கணக்கு இப்படி. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஏறத்தாழ 30 எம்பி. நொடிக்கு 20 படம் வேகத்தில் நான்கு நொடி விரலை அழுத்தினால் 80 படம், 2.4 ஜிபி. ஒரு பரபரப்பான காலையில் 2,000 படம் சாதாரணம், அதுவே 60 ஜிபி. ஆகவே 128 ஜிபி கார்டு நான்கு ஐந்து இருக்கட்டும். ஒரே ஒரு 1,000 ஜிபி கார்டு வேண்டாம், அது தொலைந்தால் பயணமே தொலைந்தது. கார்டின் மேல் வி60, வி90 என்று போட்டிருப்பது நொடிக்குக் குறைந்தது அத்தனை எம்பி எழுதும் என்பதற்கான உறுதி. வேகம் குறைந்த கார்டில் பர்ஸ்ட் (விடாமல் தொடர் படங்கள்) எடுத்தால் கேமரா எழுதி முடிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், புலி காத்திருக்காது. ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு எஸ்எஸ்டியில் பிரதி எடுங்கள். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். இரண்டு பிரதி ஆகும் வரை எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்ய வேண்டாம்.

பைக்கு வருவோம். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிகளில் சில காலியாகவே 5 கிலோவைத் தாண்டும், அதை வாங்கி என்ன செய்வது? ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும் முதுகுப் பை போதும். ஆப்பிரிக்கச் சஃபாரி என்றால் இன்னொரு தடை உண்டு: முகாமிலிருந்து முகாமுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் கைப்பையும் சேர்த்து ஒருவருக்கு 15 முதல் 20 கிலோதான், அதுவும் மடங்கும் மெத்துப் பையாக இருக்க வேண்டும். சக்கரமும் சட்டமும் வைத்த பெட்டி அதன் சாமான் அறைக்குள் நுழையாது. அப்புறம், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளில் சுற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: கென்யா 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்திருக்கிறது, தான்சானியா 2019 ஜூனிலிருந்து வெளியிலிருந்து வருகிறவர்களும் கொண்டுவரக் கூடாது என்கிறது. துணிப் பையும், வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்கும்போது லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியபடி வைத்தால் பை கீழே விழும்போது அடி முழுவதும் மவுன்டில்தான் இறங்கும். ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் குழல்) தலைகீழாக மாட்டி, ஜூம் பூட்டைப் போட்டு, கனமான லென்ஸை முதுகை ஒட்டிய பக்கம் வையுங்கள். கேமரா, லென்ஸ், கார்டு, பேட்டரி எல்லாம் கையோடு. பீன்பேக், மோனோபாட், கிம்பல், உதிரி வயர்கள் செக்-இன் பெட்டியில், துணிகளுக்கு நடுவே. சாமான்களின் சீரியல் எண்களை ஒரு தாளில் எழுதி, போனிலும் படம் எடுத்து வையுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் உதவும், திரும்பி வரும்போது சுங்கத்தில் யாராவது கேட்டால் காட்டவும் உதவும்.

காட்டில் கேமராவைக் கெடுப்பவை இரண்டு, புழுதியும் ஈரமும். ஜீப் ஓடும்போது மடியில் இருக்கும் கேமராமேல் ஒரு தலையணை உறையைப் போட்டு மூடினால் போதும். எந்த விசேஷ உறையையும்விட வேகமாக எடுக்கலாம். சாயங்காலம் சுத்தம் செய்யும்போது வரிசை முக்கியம்: முதலில் ரப்பர் பிளோயர், அப்புறம் மெல்லிய பிரஷ், கடைசியில்தான் துணி. புழுதியோடு துணியால் துடைத்தால் மணல் துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்.

ஈரம் இன்னும் சூட்சுமமானது. ஏசி அறையில் 20 டிகிரியில் இருந்த லென்ஸை வெளியே புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகப் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். அதனால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையை மூடியபடி வராந்தாவில் வைத்துவிடுங்கள், உள்ளேயே மெல்லச் சூடாகட்டும். பனிப்பிரதேசத்தில் இது தலைகீழ். வெளியிலேயே கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவைப் பையில் இறுக மூடி, பிறகு அறைக்குள் வாருங்கள், இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். குளிர் காலையில் வண்டிக்குள் ஹீட்டர் ஓட, ஜன்னல் வழியாக எடுக்கும் படங்கள் மங்கலாக வந்தால் அது ஈரமல்ல, முன்பு சொன்ன கானலின் கதைதான்: ஹூடுக்குள்ளும் ஜன்னலிலும் சூடான காற்று குளிர்ந்த காற்றோடு கலங்குகிறது. ஹீட்டரை அணைத்து, ஹூடைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

விட்டுவிட்டுப் போக வேண்டியவை சில. ஃபிளாஷ் வேண்டாம், கொரில்லாக்களிடம் அதற்குத் தடையே இருக்கிறது. டிரோன் வேண்டாம், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை, இன்னும் பல நாடுகளிலும் காட்டுக்குள் அனுமதியில்லை. நீள லென்ஸின் முன்னால் மாட்டும் மலிவான யுவி ஃபில்டர் படத்தைத்தான் மழுக்கும், ஹூடே போதுமான பாதுகாப்பு. ராணுவப் பச்சைப் புள்ளி உடை ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அணியச் சட்டப்படியே தடை. சாதாரண மண் நிறச் சட்டை போதும்.

பைனாகுலர் மட்டும் கட்டாயம். 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் கண்ணாடி) ஒன்று கழுத்தில் தொங்கட்டும். கேமராவால் மிருகத்தைத் தேடுகிறவர் கால்வாசியைத்தான் பார்ப்பார், கையும் சீக்கிரம் வலித்துப்போகும்.

கடைசியாக, எல்லாவற்றையும் அடுக்கி முடித்ததும் தராசில் ஏற்றுங்கள். பை ஒன்றரை கிலோ, பாடி இரண்டும் ஒரு கிலோ, 100-400 லென்ஸ் 1.4, உங்கள் பழைய லென்ஸ்கள் இரண்டும் 0.6, பேட்டரி, சார்ஜர், கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 0.8, பைனாகுலர் 0.7: ஆக 6 கிலோ. 200-600 எடுத்தால் 6.7, அப்போதும் 7-க்குள் நிற்கும். அதில் ஒன்றரை கிலோ லேப்டாப்பை வைத்தால் தாண்டிவிடும். தாண்டினால் முதலில் லேப்டாப்பை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் பிரதி எடுக்கப் பெரும்பாலான புதிய போன்களும் ஒரு கார்டு ரீடரும் போதும், புறப்படும் முன் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து 18-55-ஐ எடுங்கள், அகலமான காட்சிக்குப் போன் இருக்கிறது. அதற்கும் மேல் இருந்தால் பைனாகுலரைக் கழுத்தில் போட்டு, பேட்டரிகளைச் சட்டைப் பையில் நிரப்பிக்கொள்ளுங்கள். எடை நிற்கவில்லை என்று இரண்டாவது பாடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.